காகிதமும் காடும்

கருவி என்பது கையின் நீட்சி மட்டுமன்று. அதனைப் படைத்தவனின் நோக்கத்திற்கும் அதுவே நீட்சி. அரிவாளும் இரும்புதான், கோடரியும் இரும்புதான். ஆயினும் அரிவாளைக் கொண்டு மரத்தைப் பிளக்கப் புகுந்தவனை ஊரார் நகைப்பர். வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதால் அங்கே தவறு நேர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளே மனிதனைச் சோதிப்பவை. துப்பாக்கிக் குண்டுகள் இரண்டை ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், நீளத்திலும் பருமனிலும் செம்பு நிறத்திலும் அவை இரட்டைப் பிள்ளைகள் போலவே தோன்றும். ஒன்று காகிதத்தைத் துளைப்பதற்கென்று பிறந்தது. மற்றொன்று பெரிய விலங்கின் உயிரை விரைந்து போக்குவதற்கென்று பிறந்தது. பிறப்பின் நோக்கம் மாறினால் முடிவும் மாறும். அந்த உண்மையை ஒரு பேரனுக்குச் சொல்ல, பெரியவர் ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது.

ஈப்போ மாநகரின் புந்தோங் பகுதி கச்சாங் பூத்தேக்குப் பெயர் பெற்றது. கடலை வறுபடும் மணம் அங்கே மாலை வேளைகளில் தெருவரைக்கும் வரும். அத்தெருக்களுள் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த அப்பெரியவர் மகன் வீட்டில் வாழ்ந்து வருகிறார். சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்; அங்கேயே பால் வெட்டி, பிறகு காவற்காரராகி, ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த லயம் இன்று இல்லை. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு எண்ணெய்ப்பனை வந்தது. பின்னர் அதிலும் ஒரு பகுதி அழிந்து வீடமைப்புப் பகுதியாயிற்று. மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. திருவிழாவுக்குச் சென்று திரும்பும்போதெல்லாம், லயம் இருந்த திசையைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு வருவது அவர் வழக்கம்.

மெல்பர்ன் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் பேரன் தீபாவளிக்கு வந்திருந்தான். அவன் அங்கே குறிபார்த்துச் சுடுவோர் சங்கமொன்றில் உறுப்பினன். பலகாரத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தாத்தாவின் முன் விரித்தான். கருவட்டத்தின் நடுவே ஐந்து துளைகள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து ஐம்பது காசு நாணயத்தை எடுத்து அவற்றின்மீது வைத்தான். ஐந்தும் மறைந்தன.

“நூறு மீட்டர் தாத்தா. அஞ்சு தடவை சுட்டேன்.”

பெரியவர் நாணயத்தை நகர்த்திப் பார்த்தார். மீண்டும் வைத்துப் பார்த்தார். “நல்ல கைய்யா உனக்கு,” என்றார். பேரனின் முகம் மலர்ந்தது. கை மட்டுமன்று, குண்டும் அப்படிப்பட்டது என்று அவன் விளக்கத் தொடங்கினான்.

அவன் சொன்னது ‘மேட்ச்’ குண்டு, அதாவது பந்தயக் குண்டு. சுடுவதை ஒரு பந்தயமாக வளர்த்தவர்களுள் ஆங்கிலேயரும் அடங்குவர். 1859-ஆம் ஆண்டில் அவர்கள் தேசிய ரைபிள் சங்கத்தை நிறுவினர். மறு ஆண்டு விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசியாரே முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடக்கி வைத்தார். 1890-இல் அப்போட்டி பிஸ்லி என்னும் ஊருக்கு மாறியது. இன்றும் அங்கேதான் நடைபெறுகிறது. அத்தகைய பந்தயங்களில் இலக்கு நகர்வதில்லை. அதற்குத் தோல் இல்லை, எலும்பு இல்லை, வலியும் இல்லை. ஆகவே பந்தயக் குண்டைச் செய்வோர் ஒரே கேள்வியை முன்வைத்து உழைத்தனர்: ஒரு குண்டு சென்ற வழியிலேயே அடுத்த குண்டும் செல்லுமா?

அதற்கு விடை குண்டின் அடிப்பாகத்தில் இருந்தது. பட்டாளத்துக் குண்டின் செம்பு உறை முனையில் மூடியும் அடியில் திறந்தும் இருக்கும். துப்பாக்கிக் குழலின் வாயைக் குண்டு கடக்கும் நொடியில், பின்னிருந்து தள்ளும் வெப்பக்காற்று அதன் அடியைச் சுற்றி வெளியேறுகிறது. அடி சிறிதளவு கோணினாலும் காற்று ஒருபுறம் முந்தும். குண்டு திசை மாறும். பந்தயக் குண்டில் இந்த அமைப்பைத் தலைகீழாக்கினர். உறையின் அடியை முழுமையாக மூடி, ஈயத்தை உள்ளே இறுத்தி, முனையை நோக்கி உறையை இழுத்துக் குவித்தனர். அதனால் முனையில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு வாய் எஞ்சியது. அத்துளை செய்முறையின் மிச்சமே. குண்டு விரிவதற்காக எவரும் அதை வைக்கவில்லை. இதை அறியாதோர் அத்துளையைக் கண்டு, வேட்டைக்கான விரியும் குண்டு என்று மயங்குவதுண்டு. அடியின் ஒழுங்கும், உறையின் ஒரே சீரான மென்மையும், நீண்டு குவிந்த மூக்கும் சேர்ந்து, ஐந்து துளைகளையும் ஐம்பது காசுக்குள் அடக்கிவிடுகின்றன.

பெரியவர் முழுவதையும் கேட்டார். கைத்தொழிலை மதிக்கும் மனம் அவருடையது. “செஞ்சவன் கெட்டிக்காரன்,” என்றார். அதன் பிறகுதான் பேரன் செய்தியைச் சொன்னான். அடுத்த மாதம் நண்பர்களோடு மலைப்பகுதிக்குச் சென்று மிளா வேட்டையாடப் போகிறானாம். அவனுக்கு அதுவே முதல் வேட்டை.

மிளா அந்நாட்டிற்குச் சொந்த விலங்கன்று. 1860-களில் இலங்கை முதலிய கீழை நாடுகளிலிருந்து விக்டோரியா மாநிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு, காட்டில் விடப்பட்டுப் பெருகியது. உரிமம் பெற்றவர் அங்கே அதை வேட்டையாடலாம். குழலின் விட்டம் .270 அங்குலத்திற்கும், குண்டின் எடை 130 கிரெயினுக்கும் குறையக் கூடாது என்பது அம்மாநில விதி. பேரனிடம் .308 ரைபிள் இருந்தது. குண்டு 168 கிரெயின். விதிக்கு எந்தக் குறையுமில்லை. ஆயினும் விதி குறைந்த அளவைத்தான் சொல்லும்; அதற்கு மேற்பட்டதை வேட்டைக்காரனின் அறிவுக்கும் மனச்சான்றுக்கும் விட்டுவிடும்.

“எந்தக் குண்டுய்யா கொண்டு போற?”

“இதேதான் தாத்தா. துப்பாக்கிக்கும் எனக்கும் பழகிப் போச்சு. நெனச்ச எடத்துல விழும். எடம் சரியா இருந்தா குண்டு எதுவா இருந்தா என்ன?”

பெரியவர் விடை சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தார். ஐந்து துளைகளின் வழியே விளக்கொளி வந்தது. “இது அசையல,” என்றார்.

பேரனின் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வேட்டை உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாதம் அது. வாதத்திற்குத் துணையாக ‘கரமோஜோ’ பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரரை அழைப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர் அவர். அவற்றுள் பெரும்பான்மையை .275 போன்ற சிறு விட்டத் துப்பாக்கிகளாலேயே வீழ்த்தினார். பெரிய குண்டு வேண்டியதில்லை, குறியே போதும் என்பதற்கு அவரைச் சான்று காட்டுவர். ஆனால் பெல் கையாண்டது எந்தக் குண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுவர். நீண்டு, முனை மழுங்கி, முழுவதும் உறையிட்ட கெட்டிக் குண்டு அது. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, அதை அடைய எவ்வளவு எலும்பைக் கடக்க வேண்டும் என்று கற்ற பிறகே அவர் அதைத் தேர்ந்தார். குறி மட்டும் போதும் என்பது பெல்லின் பாடமன்று. எந்த வேலைக்கு எந்தக் குண்டு என்பதை ஐயமற அறிந்திருந்ததே அவர் பாடம்.

வேலையை அறிவது என்றால் என்ன? காட்டில் பெரிய விலங்கைச் சுடுபவனின் குண்டு மூன்று செயல்களைச் செய்தாக வேண்டும். தோலையும் தசையையும் எலும்பையும் கடந்து உள்ளே செல்ல வேண்டும். சென்ற இடத்தில் விரிந்து, நுரையீரலிலும் இதயத்திலும் அகன்ற காயத்தை உண்டாக்க வேண்டும். விரிந்த பின்னும் சிதறாமல், எடை குன்றாமல், தொடர்ந்து செல்ல வேண்டும். அதனால் வேட்டைக் குண்டின் உறையை முனையில் மெல்லியதாகவும் அடியில் தடித்ததாகவும் செய்வர். முனையில் மென்மையான ஈயம் தெரியும். உடலைத் தொட்டதும் அது காளான் போல மலர்ந்து, ஏறத்தாழ இருமடங்கு அகலமாகும். தடித்த அடிப்பாகம் மலர்ச்சியை ஓரிடத்தில் நிறுத்தி, குண்டை முன்னே தள்ளும். யானை, காட்டெருது போன்ற தடித்தோல் விலங்குகளுக்கு இந்த மலர்ச்சியே தடையாகிவிடும் என்பதால், அவற்றுக்கு விரியாத கெட்டிக் குண்டைப் பழைய வேட்டைக்காரர்கள் தேர்ந்தனர். மலாய் மக்கள் செலாடாங் என்றழைக்கும் காட்டெருதையும் யானையையும் வேட்டையாடுவது குறித்து 1905-இலேயே தனி நூல் எழுதினார் தியோடர் ஹப்பேக். பிற்காலத்தில் மனம் மாறி வனவிலங்குப் பாதுகாப்பில் இறங்கியவரும், இன்றைய தாமான் நெகாரா உருவாக உழைத்தவரும் அவரே.

குண்டு மேற்பரப்பிலேயே சிதறினால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்னும் அமெரிக்கர் மூஸ் என்னும் பெருமான் ஒன்றைச் சுட்டார். சேறு காய்ந்து இறுகிய தோளில் பட்ட குண்டுகள் ஆழச் செல்லாமல் உடைந்தன. அந்த விலங்கு பட்ட பாடு அவரை உறங்கவிடவில்லை போலும். நடுவே செம்புச் சுவர் வைத்து, முன்பாதி மலரவும் பின்பாதி கெட்டியாய் நிற்கவும் புதுக்குண்டு ஒன்றை வடிவமைத்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. வேட்டைக் குண்டின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

பந்தயக் குண்டு இம்மூன்று செயல்களில் ஒன்றுக்கும் உறுதி கூறாது. சில வேளை முனை திறவாமல், ஊசி போல் மறுபுறம் போய்விடும். சில வேளை மெல்லிய உறை தோள் எலும்பில் பட்டதும் நொறுங்கி, மேற்புறத்தில் பெரும்புண்ணை உண்டாக்கி, உள்ளே எட்டாமல் நின்றுவிடும். சில வேளை சரியாகவே வேலை செய்யும். அதனால் மான் பல வீழ்ந்ததும் உண்மையே. அதைக் கண்டவர் அதைப் புகழ்வதும் இயல்பே. ஆனால் மூன்றில் எது நேரும் என்று சுடுபவனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தயாரிக்கும் நிறுவனங்களுள் புகழ்பெற்ற சியராவே தன் பந்தயக் குண்டைப் பெரும்பாலான வேட்டைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

இவற்றுள் பலவற்றைப் பேரன் படித்திருந்தான். “அதெல்லாம் எடம் தவறுனவங்களுக்குத் தாத்தா,” என்றான்.

அப்போது பெரியவர் காகிதத்தைக் கீழே வைத்தார். “எடம் தவறுறது கையால மட்டும் இல்லய்யா. அது ஒரு எட்டு எடுத்து வச்சாலும் எடம் தவறிடும்,” என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாத அந்த நாளைச் சொல்லத் தொடங்கினார்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்று தொடங்கி 1960 வரை பேராக் தோட்டங்களில் துப்பாக்கி அன்றாடக் காட்சியாயிற்று. துரையின் காரிலும் துப்பாக்கி. தோட்டத்துக் காவலர் தோளிலும் துப்பாக்கி. அவை பெரும்பாலும் .303 ரைபிள்கள். அவற்றில் இட்டவை போருக்கென்று செய்த, முழு உறையிட்ட குண்டுகள். அவசரகாலம் முடியும் தறுவாயில், 1959-இல், பெரியவருக்குப் பதினேழு வயது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் குடைந்து பாழாக்கின. மாலை வேளைகளில் துரை பன்றி சுடப் போகும்போது, தோட்டாப் பையைச் சுமந்து தடம் பார்த்து நடக்க இந்த இளைஞனை அழைத்துச் செல்வார். லயத்துப் பையன்களுக்கு வாய்க்காத பெருமை அது.

ஒரு மாலை, லாலான் புல்லின் ஓரத்தில் பெரிய ஆண்பன்றி ஒன்று தென்பட்டது. துரை நன்றாகவே குறிபார்த்தார். விசையை அழுத்தும் நொடியில் பன்றி ஓரடி முன்னே வைத்தது. குண்டு தோளுக்குப் பின்னே ஒரு சாண் தள்ளி வயிற்றில் பாய்ந்தது. பன்றி ஒருமுறை உதறியது, புல்லுக்குள் மறைந்தது. இருவரும் சென்று பார்த்தபோது இலைகளில் சில துளி இரத்தமே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. இருள் இறங்கியது. “காலையில் பார்ப்போம், எங்கேயாவது செத்துக் கிடக்கும்,” என்று சொல்லித் துரை திரும்பிவிட்டார்.

“நான் அன்னிக்கு ராத்திரி தூங்கலய்யா. காலையில பெரட்டுக்குப் போனேன். நாலரை மணி, இருட்டு. எல்லாரும் நிக்கிறாங்க. கங்காணி நெரை பிரிக்கிறாரு. அந்தப் புல்லுக்குப் பக்கத்து நெரையும் அதுல ஒண்ணு. காயப்பட்ட பன்னி அங்க கெடக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ‘தடம் பாக்கத் தெரியாத பயல தொரை கூட்டிக்கிட்டு அலையுறாரு’ன்னு சிரிப்பாங்களேன்னு நெனச்சேன். சொல்லல.”

அந்த நிரையில் அன்று பால் வெட்டப் போனவர் அவருடைய அக்கா. தலைவிளக்கின் ஒளியில் மூன்றாவது மரத்தில் உளியை வைத்தபோது, புல்லுக்குள்ளிருந்து அது வந்தது. தொடையைக் கிழித்துவிட்டு, இருபது அடி ஓடி மறுபடியும் படுத்துக்கொண்டது. அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள் அவரைத் துணியில் கிடத்தித் தோட்டத்து மருந்தகத்திற்குத் தூக்கிச் சென்றனர். உயிர் பிழைத்தது, கால் பிழைக்கவில்லை. நண்பகலில் பன்றி இறந்து கிடக்கக் கண்டனர். அறுத்துப் பார்த்தபோது குண்டு நுழைந்த துளையும் வெளிவந்த துளையும் ஒரே அளவில் இருந்தன. ஈர்க்குச்சி ஒன்றை ஒருபுறம் நுழைத்தால் மறுபுறம் வந்திருக்கும்.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. அவன் சிறுவனாயிருந்தபோது அந்த அத்தைப் பாட்டி கைத்தடியூன்றி வந்து அவனுக்கு முறுக்குத் தருவார். கால் ஏன் அப்படி என்று கேட்டதற்கு, “மழையில வழுக்கிட்டேன்யா,” என்பார். அவர் மறைந்து பத்து ஆண்டுகளாகின்றன.

“பாட்டிக்குத் தெரியுமா தாத்தா?”

“நான் சொல்லல. அவங்களும் கேக்கல. ஆனா தொரையோட போறத நான் விட்டுட்டேன். ஏன் விட்டேன்னு அவங்க மட்டும்தான் கேட்டதில்ல.”

இந்நிகழ்ச்சியில் குற்றம் யாருடையது என்று தேடுவது எளிதன்று. குறி தவறியது உண்மை. ஆனால் தவறியது துப்பாக்கியால் அன்று. பன்றி வைத்த ஓரடியால். இங்கேதான் பேரனின் கணக்கிற்கு விடை இருக்கிறது. பந்தயக் குண்டு நூறு மீட்டரில் ஐம்பது காசு அளவுக்குள் விழுமென்றால், நல்ல வேட்டைக் குண்டு அதைப்போல் இருமடங்கு வட்டத்திற்குள் விழும். வேறுபாடு ஓர் அங்குலமும் இராது. மிளாவின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடமோ ஏறத்தாழ ஒரு சாண் அகலம். அடர்ந்த காட்டில் பெரும்பாலும் சுடும் தொலைவு நூறு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சாணுக்குள் ஓர் அங்குலம் எதையும் மாற்றாது. மாற்றுவன வேறு: விலங்கு வைக்கும் ஓரடி, மலையேறி வாங்கும் மூச்சு, மங்கும் ஒளி, முதல் வேட்டையில் நடுங்கும் விரல். இவை தரும் பிழை அங்குலக் கணக்கிலன்று, சாண் கணக்கில் வரும். பந்தயக் குண்டு மிகச் சிறிய பிழையைக் குறைத்துத் தருகிறது. மிகப் பெரிய பிழை நேரும்போது கைவிட்டுவிடுகிறது. வேட்டைக் குண்டும் வயிற்றில் பட்டதை நெஞ்சில் பட்டதாக ஆக்கிவிடாது. ஆயினும் அகன்ற காயத்தால் விலங்கை விரைவில் தளர்த்தவும், தொடர்ந்து செல்வோர்க்குக் குருதித் தடத்தை விட்டுவைக்கவும் அதற்கே வாய்ப்பு மிகுதி. அன்றைய மாலையில் இல்லாமற் போனவை அவ்விரண்டும்தாம்.

இன்னொரு முரண்பாடும் எண்ணத்தக்கது. விரியும் குண்டின் பெயரே நம் நாட்டவர் அறிந்த ஓரூரின் பெயர். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் செய்யப்பட்டதால் அது ‘டம்டம்’ குண்டு எனப்பட்டது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலில் எளிதில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டன. ஆகவே போரில் விலக்கப்பட்டதே வேட்டையில் வேண்டப்படுகிறது. போரில் ஏற்கப்பட்டதே வேட்டையில் கொடுமையாகிறது. இது அறத்தில் நேர்ந்த குழப்பமன்று. காயம்பட்ட வீரனைத் தூக்கிச் செல்லத் தோழர் உண்டு; மருந்திடப் பாசறை உண்டு; எனவே அவனுக்குச் சிறு காயம் கருணையாகிறது. காயம்பட்ட விலங்குக்கோ மருத்துவன் இல்லை. அதற்குச் சிறு காயம் என்பது நீண்ட சாவு. அந்த நீண்ட சாவின் பாதையில் யார் நடக்கப் போகிறார் என்பதையும் சுட்டவன் அறியான்.

பேரன் இறுதியாக, பந்தயக் குண்டும் பட்டாளத்துக் குண்டும் வேறுவேறு என்று மெல்லச் சொன்னான். செய்முறையில் அது மெய்யே. பெரியவர் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டுல எதையாச்சும் மிருகத்த நெனச்சுச் செஞ்சாங்களா?” இல்லை என்றான். “அப்ப அண்ணன் தம்பிதான்.”

பழந்தமிழர்க்கு இச்செய்தி புதிதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். வகுப்பில் இப்பாடலைக் கற்கும் மாணவர் ஊடுருவும் ஆற்றலையே வியப்பர். அந்த அம்பு சென்றவிடமெல்லாம் வீழ்த்திக்கொண்டே சென்றது என்பதையும் சேர்த்து வியக்க வேண்டும். எதையும் குற்றுயிராய் விட்டுச் சென்றதாகப் புலவர் பாடவில்லை. யானைமேல் குறி தவறிய வேலைப் போற்றும் குறளொன்று படைச்செருக்கு அதிகாரத்தில் உண்டு. அது வீரத்தின் உயர்ந்த இலக்கைப் பேசுவது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளலாம்: முற்றிலும் தவறிய வேலால் யானைக்கு நோவில்லை. வெற்றிக்கும் தவறுதலுக்கும் நடுவே அரைகுறையாய்த் தைத்து நிற்கும் படைக்கலமே புகழுக்கும் உரியதன்று, மன்னிப்புக்கும் உரியதன்று.

பேராக்கில் இன்று இத்தகைய தேர்வுக்கு இடமில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் சுடுகருவிச் சட்டமும் துப்பாக்கியைப் பொதுமக்கள் கையிலிருந்து பெரிதும் அகற்றிவிட்டன. மிளா வேட்டைக்குத் தீபகற்ப மலேசியாவில் 2009-இல் தடை விதிக்கப்பட்டது. மலாயாப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவு என்று நாடளாவிய கணக்கெடுப்பு காட்டியது. தெலுக் இந்தானில் பழைய நினைவுப் பலகை ஒன்று உண்டு. தன் கூட்டத்தைக் காக்க 1894 செப்டம்பர் 17 அன்று இரயிலை எதிர்த்துப் பாய்ந்து, அதைத் தடம்புரளச் செய்து மாண்ட காட்டு யானையின் நினைவு அது. விலங்கின் சாவுக்கும் ஒரு கல்வெட்டுக்குரிய மதிப்பு உண்டு என்று இந்த மாநிலம் அன்றே ஒப்புக்கொண்டது போலும். சட்டம் மாறலாம், நாடு மாறலாம், அந்த மதிப்பு மாறுவதற்கில்லை.

பேரன் மெல்பர்ன் திரும்பிய மூன்றாம் வாரத்தில் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மருமகள் அதைப் பெரிதாக்கிப் பெரியவரிடம் காட்டினார். அதே கருவட்டம், அதே ஐந்து துளைகள். ஆனால் இம்முறை அவை ஒன்றையொன்று தொடவில்லை. ஐம்பது காசு அவற்றை மூடாது. முனையில் ஈயம் தெரியும் வேட்டைக் குண்டு என்று கீழே எழுதியிருந்தான். பெரியவர் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, படத்தின்மேல் ஒரு சாண் வைத்துப் பார்த்தார். கைப்பேசியே அதற்குள் அடங்கிவிட்டது.

வேட்டை முடிந்த இரவு அவன் பேசினான். இரண்டு நாள் அலைந்தார்களாம். கடைசி நாள் மாலை ஓடைக்கு அப்பால் பெரிய கொம்பன் ஒன்று நின்றதாம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, தோள் தெளிவாகத் தெரியவில்லை. அவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். நண்பர்களுக்குச் சற்று வருத்தம்.

“மறுநாள் காலையில அந்தப் பக்கம் யாரு நடப்பாங்கன்னு தெரியல தாத்தா,” என்றான்.

பெரியவர் உடனே எதுவும் சொல்லவில்லை. வெளியே தெருவில் கச்சாங் பூத்தே வண்டி ஒன்று மணியடித்துக் கடந்தது. அது தொலைவில் மறையும்வரை காத்திருந்து, “அத்தப் பாட்டி படத்துக்கு விளக்கேத்தச் சொல்றேன்யா,” என்று மட்டும் சொன்னார்.